கைப்பிடியா, விசையா, குழலா: உப்புக்காற்றில் ஓர் ஏர் பிஸ்டலைத் தேற்றும் வழிகள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் என்ற ஊருக்கு மேற்கே, தென்னந்தோப்பின் ஓரமாக நின்ற பழைய வலைக் கிடங்கு ஒன்றைச் செப்பனிட்டு, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (அடைத்த காற்றால் சுடும் போட்டித் துப்பாக்கி) பயிற்சிக்காக இரண்டு தடங்கள் அமைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு கச்சான் காற்று ஓய்ந்துகொண்டிருந்த நாள்களில், அங்கே பயிலும் கீழக்கரை மாணவி ஒருத்தியின் தந்தை என்னைத் தேடி வந்தார். கருவாட்டு வியாபாரம் செய்பவர். மகளுடைய புள்ளி 600க்கு 548ஐத் தாண்டாமல் நான்கு மாதமாக நின்றுவிட்டது. "வாப்பா, என் கையில் குறையில்லை, பிஸ்டலில்தான் குறை" என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவர் 40,000 ரூபாயை ஒதுக்கி வைத்துவிட்டு, "இதை எதுல போட்டா புள்ளைக்குப் புள்ளி ஏறும்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றார். பிஸ்டலோ, உயரமான ஆண் வீரர் ஒருவர் சில ஆண்டுகள் பயன்படுத்தி விற்றது. குழல் நல்லது, விசை (டிரிகர்) நல்லது, கைப்பிடி மட்டும் அந்த மனிதருடைய கைக்கு உரியது. அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான், அன்று சொல்ல நேரமில்லாமல் போன காரணங்களையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வழியை ஒதுக்கிவிட வேண்டும். பிஸ்டலைத் துல்லியமாக்குவது என்று தேடினால் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி அமெரிக்காவின் 1911 வகைப் பிஸ்டலைப் பற்றியவை. அந்தப் பிஸ்டலில் ஒவ்வொரு குண்டுக்கும் மேல் இரும்பு பின்னால் ஓடித் திரும்புகிறது; குழலும் அதோடு சற்று இறங்கி ஏறுகிறது. அது திரும்பி வந்து அமரும் இடம் ஒவ்வொரு முறையும் மயிரிழை மாறினால் குண்டும் மாறும். ஆகவே அங்குள்ள கைவினைஞர்கள், வேண்டுமென்றே சற்றுப் பெரிதாகச் செய்யப்பட்ட குழலையும் அதன் வாய் வளையத்தையும் வாங்கி, அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து, இடைவெளியே இல்லாதபடி பொருத்துகிறார்கள். அந்த வேலைக்கு அந்தப் பிஸ்டலில் பொருள் உண்டு. ஏர் பிஸ்டலில் குழல் அசைவதே இல்லை. தொழிற்சாலையில் இறுக்கிய இடத்திலேயே அது கடைசிவரை நிற்கிறது. அங்கே பொருத்திப் பெறும் பயனை இங்கே விலைக்கு வாங்கும்போதே பெற்றுவிடுகிறோம்.

சட்டமும் இதில் உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமல்லாமல், பழுது பார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் சோதிப்பதற்கும்கூட உரிமம் வேண்டும் என்கிறது. வெடிமருந்தால் சுடும் .22 பிஸ்டலை உரிமத்தோடு வைத்திருப்பவரும் அதன் உள் பாகங்களை வீட்டு மேசையில் வைத்து அராவக் கூடாது. அதற்கென உரிமம் பெற்ற பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. அரை கிராம் ஈயக் குண்டை, அதாவது பெல்லட்டை, வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தள்ளும் போட்டிப் பிஸ்டலின் ஆற்றல் 6 ஜூலைக்கூட எட்டாது. அதனால் இனி வருவதெல்லாம் ஏர் பிஸ்டலுக்கு மட்டுமே பொருந்தும். அதிலும் காற்று அடைப்பானையும் அழுத்தச் சீராக்கியையும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம் என்பதே என் கருத்து; 200 பார் அழுத்தம் நிற்கும் இடம் அது.

எந்த மாற்றம் எவ்வளவு புள்ளி தரும் என்று பார்க்கும் முன், புள்ளி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விட்டம் 4.5. வளையத்தின் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் விலகும்வரை பத்துதான். அதற்கு மேல் ஒவ்வொரு 8 மில்லிமீட்டருக்கும் ஒரு புள்ளி குறைகிறது. பிஸ்டலை மேசையில் பிடிகருவியால் இறுக்கி ஐந்து பெல்லட்டுகளைச் சுட்டால், நல்ல குழல் அவற்றைக் கிட்டத்தட்ட ஒரே துளையாகப் போடுகிறது. துளையின் வெளி விளிம்புகளுக்கு இடையே 7 அல்லது 8 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதாவது, பெல்லட்டுகளின் நடுப்புள்ளிகள் ஒன்றிலிருந்து ஒன்று மூன்று, மூன்றரை மில்லிமீட்டருக்குள்ளேயே நிற்கின்றன. இந்தப் பிஸ்டல் தன் பங்குக்கு ஒரு பத்தையும் தவறவிடாது.

இப்போது கையைப் பாருங்கள். குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் (குழல் முனையில் நிற்கும் சிறு கட்டை) பின் சைட்டுக்கும் (பள்ளம் உள்ள தகடு) இடையே ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் தூரம். கை முழுவதுமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் இலக்கிலும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதனால் கை ஆடுவது புதிதாகச் சேர்ந்தவர்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய குற்றமன்று. ஆனால் மணிக்கட்டு திரும்பி, பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் கால் மில்லிமீட்டர் ஒதுங்கினால், 10 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 8 மில்லிமீட்டராக விரிகிறது. இரண்டு மூன்று தாள்களின் தடிமன் அளவே உள்ள ஒதுக்கம் ஒரு முழுப் புள்ளியைத் தின்கிறது. ஆகவே, எந்த மாற்றத்தையும் நான் எடைபோடும் கேள்வி இதுதான்: விசை விடுபடும் கணத்தில் மணிக்கட்டு திரும்பாமலிருக்க அது உதவுமா?

அந்தக் கேள்வியில் புதுக் குழல் முதலிலேயே தோற்றுவிடுகிறது. போட்டிப் பிஸ்டலின் குழலை மாற்றுவதால் கிடைப்பது, மேலே சொன்ன மூன்று மில்லிமீட்டரில் ஒரு பகுதி மட்டுமே. குழலின் வாயில் திருகும் காற்றுத் துளைக் கூடும், அதிர்வைத் தணிக்கும் எடைகளும் பிஸ்டலின் நிதானத்தைச் சற்று மாற்றும்; பழக்கமான கை அதை உணரும், 548 எடுக்கும் கை உணராது. பெல்லட்டைத் தேர்வது இதைவிட மலிவான வழி, இதைவிடப் பயனுள்ளதும்கூட. ஒரே நிறுவனத்தின் பெல்லட் 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டம் மாறி வருகிறது. ஒரே குழல் ஒன்றை விரும்பி, மற்றொன்றைச் சிதறடிக்கும். மூன்று அளவிலும் ஒவ்வொரு டின் வாங்கி, பிஸ்டலை இறுக்கி வைத்துச் சுட்டுப் பார்த்து, சிறிய துளை போடும் அளவையே தொடர்ந்து வாங்கினால் போதும். மாணவியின் பிஸ்டலுக்கு 4.50 பிடித்தது. அது அவளுக்குத் தந்த புள்ளி, என் கணக்கில், ஒன்றோ இரண்டோ.

ஆனால் இந்தக் கரையில் பெல்லட்டுக்கு இன்னொரு பக்கம் உண்டு. டின்னைத் திறந்தபடி வைத்தால், வாடைக்காற்று வீசும் மாதங்களில் சில வாரங்களுக்குள்ளேயே ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கிறது. அதை ஊதிவிட்டுச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். குழலுக்கும் நல்லதில்லை, மூச்சுக்கும் நல்லதில்லை. 500 பெல்லட்டையும் மொத்தமாகத் திறக்காமல், அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு வைப்பதும், சுட்டு முடித்தபின் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதிருப்பதும் எங்கள் கிடங்கின் கண்டிப்பான வழக்கம்.

காற்று அடைப்பதிலும் இதே உப்பும் ஈரமும் வந்து நிற்கின்றன. பிஸ்டலின் உருளை ஏறத்தாழ 100 மில்லி கொள்ளும்; 200 பாருக்கு அடைத்தால் அதற்குள் 20 லிட்டர் வெளிக்காற்று போகிறது. மழை மாதத்தில் எங்கள் ஊர்க் காற்றின் 20 லிட்டரில் அரை கிராம் அளவுக்கு நீராவி இருக்கும்; அழுத்தும்போது அது நீராகிறது. வடிகட்டி இல்லாத கைப் பம்பால் நாள்தோறும் அடித்தால், அந்த நீரில் ஒரு பங்கு உருளைக்குள்ளும் அங்கிருந்து அடைப்பானுக்குள்ளும் சேர்ந்து, ஆண்டு முடிவதற்குள் வேகம் ஏறி இறங்கத் தொடங்கும். அப்போது பெல்லட் செங்குத்தாகச் சிதறும். வீரர் தன் மூச்சைக் குறை சொல்வார். உலர்த்தும் குழாய் பொருத்திய பம்ப், அல்லது உலர் காற்று அடைத்த பெரிய உருளையிலிருந்து நிரப்புவது, இரண்டில் ஒன்று இங்கே கட்டாயம். துல்லியத்தைக் கூட்டும் செலவாக யாரும் இதை எண்ணுவதில்லை. நான் எண்ணுகிறேன், 40,000 ரூபாயில் முதல் பங்கு இதற்குத்தான் போனது.

விசைக்கு வருவோம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டிக்கு முன் பிஸ்டலைக் காற்றோடு தயார்நிலையில் வைத்து, குழல் மேல் நோக்கி நிற்க, விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். மூன்று முறை வாய்ப்பு. அதற்குள் எடை தாங்கினால் சரி. இந்த வரம்புக்குள் விசையை எப்படியும் பிரித்துக்கொள்ளலாம்: முதல் கட்டத்தில் 400 கிராமை எடுத்துக்கொண்டு, இரண்டாம் கட்டத்துக்கு 110, 120 கிராமை விட்டுவைத்தால், சுவர் போல நின்று பின் உடையும் ஓர் உணர்வு கிடைக்கும். இதற்கு அரம் வேண்டாம், கல் வேண்டாம். பிஸ்டலோடு வரும் கையேடு காட்டும் நான்கைந்து திருகுகளும் ஒரு சிறு ஆலன் சாவியும் போதும்.

எங்கே தவறு நேர்கிறது என்றால், "இன்னும் கொஞ்சம்" என்பதில். விசை உடையும் இடத்தைக் கூர்மையாக்க வேண்டும் என்று பிடிப்பைக் குறைத்துக்கொண்டே போனால், பிஸ்டல் ஒரு நாள் கை உயரும்போதே தானாக விடுபடும். விசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்புத் திருகை மிக நெருக்கினால், உடையவே உடையாது. போட்டி நேரத்தில் வீரர் விசையை இழுத்துக்கொண்டே நிற்பார். நான் சொல்லிக்கொடுப்பது ஒரே முறை: ஒவ்வொரு திருகுக்கும் இப்போதிருக்கும் நிலையை நோட்டில் எழுது, பிறகு ஒரு திருகை மட்டும் கால் சுற்றுத் திருப்பு, நூறு குண்டு சுடு, பிறகுதான் அடுத்தது. எடையை 500க்கு மிக ஒட்டி வைக்காமல் 515, 520இல் நிறுத்துவதும் நல்லது. உப்புக்காற்றில் சுருள் கம்பியின் முனையும் திருகின் மரையும் ஒரே மாதிரி இருப்பதில்லை, சோதனை மேசையில் போய் மல்லுக்கட்டுவது யாருக்கும் அழகன்று.

மின்னணு விசைக்கு மாறலாமா என்று மாணவி கேட்டாள். மொரினி நிறுவனத்தின் பிஸ்டலில் அது இருக்கிறது, உலகப் போட்டிகளில் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதன் உடைவு சுத்தமாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் கருவி எவ்வளவு நல்லதோ அவ்வளவு நுட்பமானதும்கூட. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதில் நேரம் போய், 575 புள்ளியோடு 12ஆம் இடத்தில் நின்றதையும், இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று தவறியதையும் நாடே பார்த்தது. அவரே 2024இல் பாரிஸில் அதே 10 மீட்டர் பிரிவில் வெண்கலம் வென்றார். பழுது பார்க்க ஆள் பக்கத்தில் இருக்கும் இடத்தில் மின்னணு விசையை வாங்கலாம். இங்கிருந்து சென்னைக்கு ஓர் இரவுப் பயணம். மின்கலத்தின் இணைப்பு முனையில் பச்சை பூக்க எங்கள் காற்றுக்கு ஒரு பருவம் போதும். வேண்டாம் என்றேன்.

இனிக் கைப்பிடி. நான் அதிகம் சொல்ல வேண்டியதும் இதைப் பற்றித்தான், ஏனென்றால் மணிக்கட்டு திரும்புவதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மாணவியைத் தடத்தில் நிற்கச் சொல்லி, கண்ணை மூடி, பிஸ்டலை உயர்த்தி, இலக்கை நோக்கி நிறுத்திய பின் கண்ணைத் திறக்கச் சொன்னேன். பத்து முறையும் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்தில் இடப்பக்கமாக ஒட்டிக்கொண்டு, சற்றுத் தாழ்ந்தும் நின்றது. ஒவ்வொரு குண்டுக்கும் அவள் மணிக்கட்டைத் திருகி, அதை நடுவுக்குக் கொண்டுவந்து, அந்தத் திருகலைப் பிடித்துவைத்தபடியே விசையை இழுத்திருக்கிறாள். நாற்பதாவது குண்டுக்குப் பின் தசை களைத்துவிடும், திருகல் தளரும், புள்ளி இடப்பக்கம் கீழே போகும். அவளுடைய பழைய தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தோம். கடைசி இரண்டு வரிசைகளில் எட்டுகளும் ஏழுகளும் அந்த மூலையில்தான் குவிந்திருந்தன.

நல்ல கைப்பிடியின் அடையாளம், அதைப் பிடித்துக் கண்ணைத் திறந்தால் சைட்டுகள் தாமாக நேராக நிற்பது. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவிலுள்ள கவை, பிஸ்டலின் பின் வளைவில் முழுவதும் ஒட்ட வேண்டும். நடுவிரல் விசைக் காப்பின் கீழே இடைவெளியின்றி அமர வேண்டும். உள்ளங்கையின் அடிமேடு, கீழேயுள்ள தாங்கியின் மேல் படிந்து நிற்க வேண்டும். சுட்டு விரல் மட்டும் கைப்பிடியின் பக்கத்தைத் தொடவே கூடாது. தொட்டால், விசையை இழுக்கும்போது அது பிஸ்டலையே தள்ளும். அவளுடைய கைக்கும் அந்தக் கைப்பிடிக்கும் இடையே, உள்ளங்கைக் குழியில், ஒரு புளியங்கொட்டை நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது.

இதைச் சரிசெய்ய நான்கு வழிகள் கண்முன் இருந்தன. ஜெர்மனியின் ரிங்க் போன்ற நிறுவனங்களுக்குக் கையின் வரைபடத்தையும் அளவுகளையும் அனுப்பினால், வால்நட் மரத்தில் கைக்கென்றே கடைந்து அனுப்புவார்கள். வேலைப்பாடு அருமையாக இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சுங்கமும் சேரும், பதினாறு வயதுக் கை அதற்குள் வளர்ந்தும்விடும். முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக்கில் வார்ப்பது இப்போது மதுரையில்கூட எளிது. அதில் பெரும்பாலும் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக், 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இளகத் தொடங்குகிறது, சித்திரை மாதத்தில் பூட்டிய காரின் உள்ளே அந்தச் சூடு எளிதாக வந்துவிடும் என்பதை வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். வேறு பிளாஸ்டிக்கில் வார்க்கலாம்; ஆனால் வியர்வைக் கையில் பிளாஸ்டிக்கின் வழுக்கலுக்கு எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது வழி எங்கள் கரைக்கே உரியது. வத்தையும் வள்ளமும் கட்டும் ஓடாவி ஒருவர் பாம்பன் பக்கத்தில் இருக்கிறார். வளைந்த பலகைக்குள் வளைந்த விலாக் கட்டையை, ஒரு நூல் வெளிச்சம்கூடத் தெரியாமல் பொருத்துகிறவர். அவளுடைய கையை ஈர மண்ணில் பதியவைத்து, அந்த அச்சை எடுத்துக்கொண்டு அவரிடம் போனோம். பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அணியத்துக்குக் கட்டை வைக்கிற மாதிரிதான் தம்பி" என்றார்; அணியம் என்பது படகின் முன்பகுதி. பூவரசங்கட்டை ஒன்றை எடுத்து, அதன் வெட்டு முகத்தை நாக்கால் தொட்டுப் பார்த்து, ஈரம் இருக்கிறது, வாடை முடிந்து பங்குனி வெயில் படும்வரை பரணில் கிடக்கட்டும், இப்போதே செதுக்கினால் பிளந்துவிடும் என்று திருப்பி வைத்துவிட்டார். மரக் கைப்பிடியைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவான எச்சரிக்கை இல்லை. ஐப்பசியில் உப்பி, சித்திரையில் சுருங்கும் மரம், கைக்குச் செய்த பொருத்தத்தைப் பருவத்துக்கு ஒரு முறை மாற்றிவிடும். நன்கு ஆறிய கட்டையில் செய்து, எண்ணெய் ஏற்றினால்தான் அந்த மாற்றம் குறையும். படகுக்குப் பூசும் மீன் எண்ணெயை அவர் பரிந்துரைத்தார். அதை மட்டும் ஏற்க முடியவில்லை, பிஸ்டலைக் கண்ணுக்கு நேரே, மூக்குக்கும் நேரே அல்லவா நீட்டுகிறோம்.

எஞ்சிய நான்காவது வழி, இருக்கும் கைப்பிடியிலேயே வேண்டிய இடத்தில் கழித்து, வேண்டாத வெற்றிடத்தை எம்-சீல் என்ற இரு கட்டிப் பிசின் கொண்டு நிரப்புவது. செலவு நூறு ரூபாய்க்குள். கைப்பிடியைப் பிஸ்டலிலிருந்து கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். நிரப்ப வேண்டிய இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு கட்டிகளையும் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, சுண்டைக்காய் அளவே வைத்து, மேலே மெல்லிய பாலிதீன் தாள் போட்டு, சுடும் பிடியிலேயே பிடித்து, தளர்த்தாமல் சில நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, பிதுங்கிய இடத்தை அரத்தால் எடுத்து, மறுபடி கண்ணை மூடித் திறக்கும் சோதனை. மாணவிக்கு இதை ஒன்பது முறை செய்தோம். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்து, முதல் முறை நெல்லிக்காய் அளவு வைத்து, முழுவதையும் சுரண்டி எடுத்ததும் உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அதில் நாங்களும் விழுந்தோம். போட்டி விதிப்படி, பிஸ்டல் முழுவதும் 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலம் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். உள்ளங்கைத் தாங்கிக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது, தாங்கி மேல் நோக்கி வளைந்து கையைச் சுற்றக் கூடாது, மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது. கைக்கு இதமாக இருக்கிறதே என்று பக்கம் பக்கமாக அப்பிக்கொண்டு போனதில், எங்களுடையது 53 மில்லிமீட்டர் அகலம் ஆகிவிட்டது. போட்டி ஒன்றில் கருவிச் சோதனை மேசையில் அது பெட்டிக்குள் போக மறுத்தது. தகரப் பெட்டியின் ஓரத்தில் கைப்பிடி முட்டி நின்ற ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, ஒருவரிடம் இரவல் வாங்கிய அரத்தால் வலப்பக்கத்தைத் தேய்த்து, மூன்றாம் முறைதான் உள்ளே போனது. அன்று அவள் சுட்டது 541. அதன்பின் கிடங்கில் முதல் வேலையாக, பழைய மீன்பெட்டிப் பலகையில் அதே உள்ளளவுக்கு ஒரு பெட்டி செய்து வைத்தேன். எம்-சீல் காய்ந்ததும் முதலில் அதற்குள் போய்வர வேண்டும்.

சைட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முன் சைட்டின் அகலத்தையும் பின் சைட்டின் பள்ளத்தையும் கையின் நீளத்துக்கேற்ப மாற்றலாம். முன் சைட்டின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கோடு அதன் அகலத்தில் பாதியாவது இருக்கும்படி பள்ளத்தைத் திறந்து கொடுத்தோம். கடலிலிருந்து வரும் வெளிச்சம் வாசல் வழியே அடித்தால் சைட்டின் கறுப்பு சாம்பலாகத் தெரியும். பிஸ்டலில் காற்று இல்லாதபோது, சைட்டை மட்டும் கழற்றி, கற்பூரப் புகையில் காட்டினால் படியும் மை, கடையில் விற்கும் எந்தக் கறுப்பு வண்ணத்துக்கும் குறைந்ததன்று. இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு கற்பூர டப்பா.

கடைசியாக, புதிய பிஸ்டல். லட்சத்தைத் தாண்டும் அது, 40,000 ரூபாய் வைத்திருப்பவருக்குப் பதிலே ஆகாது. ஆனாலும் அதே தொகையோடு கடனும் வாங்கிச் செல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதி. உருளையின் காலம் 10 ஆண்டுக்கு மேற்படாது என்பது போட்டி விதி. ஒன்பதாவது ஆண்டு உருளையோடு வரும் மலிவான பிஸ்டல் மலிவானதன்று. பாரிஸில் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகெச், சிறப்புக் கண்ணாடிச் சட்டமோ கண்மறைப்போ இல்லாமல், ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்ற படத்தைக் காட்டி, கருவியே வேண்டாம் என்று வாதிடும் மாணவர்களும் உண்டு. அவர் கையில் இருந்தது முதல்தரப் பிஸ்டல், அதன் கைப்பிடி அவர் கைக்குப் பொருந்தியது என்று நான் திருப்பிச் சொல்வேன்.

ஆக, கருவாட்டு வியாபாரியிடம் நான் சொன்ன வரிசை இது. முதலில் உலர்த்தும் குழாயும் வடிகட்டியும். அடுத்து, பெல்லட்டில் மூன்று அளவைச் சோதித்து, பொருந்திய அளவில் ஓர் ஆண்டுக்குப் போதுமானதை ஒரே தொகுதியாக வாங்குவது. விசையைப் பட்டறைக்குக் கொடுக்காமல், கையேட்டைப் பார்த்துத் திருகுகளால் மட்டும் சீரமைத்து 520 கிராமில் நிறுத்துவது. கைப்பிடிக்கு எம்-சீல், அதற்குமேல் ஒரு செலவும் இப்போது இல்லை. நாள்தோறும் அரை மணி நேரம், வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெல்லட் இல்லாமல் விசையை இழுக்கும் பயிற்சி. அதற்குக் காசு செலவில்லை என்பதால்தான் அதை யாரும் செய்வதில்லை. "அப்போ மீதிப் பணம்?" என்று அவர் கேட்டார். போட்டிக்குப் போய்வரும் ரயில் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை; கடையில் பணம் கொடுத்தால் கையில் ஒரு பொருள் வரும் என்று பழகிய மனிதர்.

தை மாதம் வந்தபோது மாணவியின் கைப்பிடி 48 மில்லிமீட்டர் அகலத்தில் நின்றது. கண்ணை மூடித் திறந்தால், பத்தில் எட்டு முறை முன் சைட் பள்ளத்தின் நடுவில் இருந்தது. புள்ளி 556க்கு வந்து, இரண்டு முறை 560ஐத் தொட்டது. கடைசி இருபது குண்டுகள் இடப்பக்கம் சரிவது நின்றுவிட்டது, இப்போது விழும் எட்டுகள் எல்லாத் திசையிலும் விழுகின்றன, அவை அவளுடையவை. ஓடாவி ஆறப்போட்ட பூவரசங்கட்டை பரணில் இருக்கிறது. எம்-சீல் அப்பிய பழைய கைப்பிடியை மாதிரியாக வைத்துக்கொண்டு, பங்குனி பிறந்ததும் செதுக்கத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அவள் கை அதற்குள் இன்னும் வளர்ந்திருந்தால், மாதிரியில் மறுபடியும் உப்புத்தாள் போட வேண்டியிருக்கும்.